நம்பிக்கை எந்த வாசல் வழியா வெளியே போகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை பெங்களூர் ரூம்ல இருந்து இல்லை, எங்க ஊரு கூடலூர்ல இருந்து பதிவு பண்றேன். பின்னாடி தகரக் கூரையில மழை விழுற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. ஜூலை மாசம், இங்க அதை மியூட் பண்ண வழியில்லை.

போன எபிசோட் முடிவுல ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: கடவுள் நம்பிக்கையை விட்டவங்க ஏன் விட்டீங்க? நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. அதுல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. "எனக்கு நம்பிக்கை போய் மூணு வருஷம் ஆச்சு ப்ரோ. எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியலை. அம்மாகிட்ட சொல்லணுமா, வேண்டாமா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. எப்படிப் போச்சு? சொல்லணுமா? ரெண்டுக்கும் பதில் தேடிப் பார்ப்போம்.

1,297 பேர்

முதல்ல ஒரு எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, இந்தியா முழுக்க நாத்திகர்னு பதிவானவங்க சுமார் 33,000 பேர். தமிழ்நாட்டுல மட்டும் எத்தனை பேர் தெரியுமா? 1,297.

ஏழு கோடிக்கு மேல ஜனம் இருக்கிற மாநிலம் இது. 1925-ல சுயமரியாதை இயக்கம் தொடங்கின இடம். அதுக்கும் ஒரு தலைமுறைக்கு முன்னாடி, 1880-கள்லயே, 'தத்துவ விவேசினி'ன்னு ஒரு நாத்திகப் பத்திரிகை சென்னையில இருந்து தமிழ்ல வந்துச்சு. இவ்வளவும் நடந்த இடத்துல வெறும் 1,297 பேர். கூடலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு காலை நேரத்துல இதைவிட அதிகம் பேர் வந்துபோவாங்க.

இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டேட்டாபேஸ்ல விடை தப்பா வந்தா, நாம முதல்ல இன்புட் ஃபார்மைத்தான் பார்ப்போம். இங்கயும் அதைப் பார்ப்போம். அந்தப் படிவத்துல ஆறு மதத்துக்கு எண் இருக்கு: இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. வேற மதம்னா பேரை முழுசா எழுதணும். 'மதம் இல்லை'ங்கிறதுக்கு எண் கிடையாது. அதுபோக, ஒரு வீட்டுல ஒருத்தர்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்றார். 2011-ல எங்க வீட்டுல பதில் சொன்னது அப்பாயி. அப்ப எனக்குப் பதினாலு வயசு, பக்கத்துலதான் நின்னேன். அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து "இந்து"ன்னு சொல்லிட்டு, கணக்கெடுக்க வந்த டீச்சருக்கு டீ போடப் போயிட்டாங்க.

இன்னொரு காரணமும் உண்டு. காகிதத்துல இருக்கிற மதத்தோட சலுகையும் உரிமையும் ஒட்டிக்கிட்டு இருக்கு. 1950-ல வந்த பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும்தான் எஸ்.சி. தகுதி. 1956-ல சீக்கியர்களையும் 1990-ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவராவோ முஸ்லிமாவோ மாறினா அந்தத் தகுதி போயிடும். பழங்குடிகளுக்கு அப்படி ஒரு மத நிபந்தனை இல்லை. எங்க ஊருல இது கண்ணெதிரே நடக்கிற விஷயம். ஒரே சரிவுல குடியிருக்கிற ரெண்டு குடும்பம் ஒரே சர்ச்சுக்குப் போகலாம். பணியர் குடும்பத்தோட எஸ்.டி. சான்றிதழ் அப்படியே இருக்கும். எஸ்டேட் தொழிலாளி குடும்பத்துக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காது. அதனால மனசுல என்ன இருக்குன்னு சான்றிதழை வச்சுச் சொல்ல முடியாது.

இருந்தாலும் ஒண்ணு உண்மை. பியூ ஆய்வு மையம் 2021-ல வெளியிட்ட இந்தியா அறிக்கையில 97 சதவீதம் பேர் கடவுளை நம்புறதா சொன்னாங்க. நம்பிக்கையை விட்டவங்க இங்க ரொம்பச் சின்னக் கூட்டம். ஆனா அந்தச் சின்னக் கூட்டம் ஏன் விட்டுச்சு?

கஷ்டம் வந்தா நம்பிக்கை போகுமா?

பொதுவா சொல்ற முதல் காரணம் இதுதான். பெரிய துன்பம் வந்தா மனுஷன் கடவுளை விட்டுடுவான்.

2024 ஜூலை 30 விடியறதுக்கு முன்னாடி, வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை பகுதியில மலை சரிஞ்சு வந்தது எல்லாருக்கும் தெரியும். இருநூறுக்கும் மேல உயிர் போச்சு. நாடே டிவியில பார்த்த செய்தி, கூடலூர், பந்தலூர்க்காரங்களுக்குப் பக்கத்து மலை. எங்க மாதிரியே எஸ்டேட், எங்க மாதிரியே லைன் வீடு. அடையாளம் தெரியாத உடல்களை புத்துமலையில சர்வமதப் பிரார்த்தனையோட அடக்கம் பண்ணாங்க. அந்த உடல் எந்த மதத்தைச் சேர்ந்ததுன்னு தெரியாததால எல்லா மதமும் வந்து நின்னுச்சு. குழி மேல பேருக்குப் பதிலா ஒரு எண்.

அதைப் பார்த்துட்டு நம்பிக்கை போயிருக்கும்னுதான் வெளியில இருந்து பார்க்கிற நமக்குத் தோணும். ஆய்வுகள் நேர்மாறா சொல்லுது. நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் நகரத்துல 2011 பிப்ரவரியில பூகம்பம் வந்து 185 பேர் செத்தாங்க. அங்க ஏற்கெனவே வருஷா வருஷம் ஒரு பெரிய சர்வே நடந்துக்கிட்டிருந்ததால, பூகம்பத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே ஆட்களோட பதிலை ஒப்பிட முடிஞ்சது. நாட்டுல மத்த இடங்கள்ல மதப் பிடிப்பு குறைஞ்சுக்கிட்டிருந்த அதே நேரத்துல, பூகம்பம் நேரடியா பாதிச்சவங்ககிட்ட அது கூடியிருந்துச்சு. டென்மார்க் பொருளாதார ஆய்வாளர் ஜீனட் பென்ட்சன் பல நாட்டுத் தகவலைச் சேர்த்து 2019-ல வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்லுது. பூகம்பம் வந்த பகுதியில மக்கள் கடவுளை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிறாங்க.

துன்பத்தால நம்பிக்கையை விட்டவங்களே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஆனா துன்பம் மட்டுமே காரணமா இருந்தா, இந்த மலையில ஒரு கோயில் மிச்சம் இருந்திருக்காது.

படிச்சா போகுமா?

ரெண்டாவது காரணம் நம்ம ஆட்களுக்கு ரொம்பப் பிடிச்சது: "நான் யோசிச்சேன், அதனால விட்டேன்." இன்ஜினியரிங் படிச்ச யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வோம்.

அப்படி விட்டவங்க உண்டு. பகத் சிங் 1930-ல லாகூர் சிறையில எழுதின கட்டுரை அதுக்கு ஒரு சாட்சி. ஜீவா அதைத் தமிழாக்கி, சுயமரியாதை இயக்கத்துக்காரங்க புத்தகமா போட்டாங்க. இன்னைக்கும் ஹாஸ்டல் ஹாஸ்டலா சுத்துது. என் ரூமுக்கும் வந்துச்சு.

ஆனா பெரும்பாலானவங்க விஷயம் இதுவா? 2012-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. வில் ஜெர்வைஸ், அரா நோரென்சாயன்னு ரெண்டு உளவியலாளர்கள். ரோடின் செதுக்கின 'சிந்தனையாளர்' சிலையோட படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தவங்ககிட்ட கடவுள் நம்பிக்கை குறைஞ்சதுன்னு சொன்னாங்க. பகுத்தறிவைத் தூண்டினா நம்பிக்கை குறையும்ங்கிற முடிவு. செய்தியா உலகம் பூரா போச்சு. அப்புறம் வேற குழுக்கள் பெரிய எண்ணிக்கையில ஆட்களை வச்சு அதையே திரும்பப் பண்ணிப் பார்த்தப்போ, அந்த விளைவு வரவே இல்லை.

ஜெர்வைஸும் அவரோட குழுவும் 2021-ல சுமார் 1,400 அமெரிக்கர்களை வச்சு, நம்பிக்கை இல்லாம போறதுக்கான பல காரணங்களைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி அளந்தாங்க. பகுத்தறியும் பழக்கத்தோட பங்கு சின்னதுதான். பெரிய பங்கு வேற ஒண்ணுக்கு: வளர்ற வயசுல, சுத்தி இருந்த பெரியவங்க தங்களோட நம்பிக்கையைச் செயல்ல காட்டுனாங்களா இல்லையா.

வாயால சொல்றது இதுல சேராது. செலவு பண்ணிக் காட்டணும். பட்டினி கிடந்து விரதம் இருக்கிறது. கூலியில மிச்சம் பிடிச்சுப் பழனிக்கு நடக்கிறது. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் "சாமி பார்க்குது"ன்னு பொய் சொல்லாம இருக்கிறது. குழந்தை இதைப் பார்த்துதான் "இவங்க நிஜமாவே நம்புறாங்க"ன்னு எடுத்துக்குது. அதைப் பார்க்காம வளர்ந்தா, நம்பிக்கை வேர் பிடிக்கிறதில்லை. இது அமெரிக்க ஆய்வுதான். ஆனா நம்ம வரலாற்றை இந்தக் கண்ணோட பார்த்தா நிறைய விஷயம் புரியுது.

நீலகிரியில இருந்து போன ஒருத்தர்

அயோத்திதாசர் 1845-ல பிறந்தவர். அவரோட தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுல வேலை பார்த்தவர். குடும்பம் நீலகிரிக்கு வந்துச்சு. 1870-கள்ல அவர் இந்த மலையில தொடங்கின அமைப்போட பேர் அத்வைதானந்த சபை. பேரைக் கவனிங்க. அத்வைதம் பேசினவர், சித்த மருத்துவம் தெரிஞ்ச பண்டிதர். நம்பிக்கையில குறையே இல்லாத ஆள்.

1891 டிசம்பர்ல ஊட்டியில மாநாடு கூட்டி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கான கோரிக்கைகளைத் தீர்மானமா போட்டார். அடுத்த வருஷம், 1892-ல, சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியா போனார். எங்க மக்களையும் சிவன் கோயில், விஷ்ணு கோயிலுக்குள்ள விடுங்கன்னு கேட்டார். தஞ்சாவூர்ல இருந்து வந்த ஒரு பிரதிநிதி எழுந்து, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கான சாமிகள் இல்லை, உங்களுக்குன்னு வேற சாமிகள் இருக்குன்னு பதில் சொன்னார். அதுக்கப்புறம் அயோத்திதாசர் கோயிலைக் கேட்கலை. பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கேட்டார்.

1898-ல கர்னல் ஆல்காட்டோட இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவினார். சென்னையில சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907-ல 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை. அவர் நாத்திகர் ஆகலை. ஒரு மதத்தை விட்டு இன்னொண்ணை எடுத்துக்கிட்டார். ஆனா விட்ட அந்த இடத்தைப் பாருங்க. அவருடைய அத்வைதத்தை யாரும் தர்க்கத்துல தோற்கடிக்கலை. எல்லாம் ஒண்ணுன்னு நம்பினவர்கிட்ட, நீ வேறன்னு ஒரு சபையில வச்சுச் சொன்னாங்க.

பெரியார் கதையும் அப்படித்தான். 1904 வாக்குல காசிக்குப் போனார். ஒரு சத்திரத்துல, பிராமணர் இல்லைங்கிறதால சாப்பாடு மறுக்கப்பட்டுச்சு. பசி தாங்காம வெளியே எறிஞ்ச எச்சில் இலையில சாப்பிட்டார். அப்புறம் பார்த்தா, அந்தச் சத்திரத்தைக் கட்டிக்கொடுத்ததே பிராமணர் அல்லாத ஒரு தென்னாட்டு வணிகர். புத்தகம் எல்லாம் பிறகு வந்துச்சு. முதல்ல வந்தது பசி.

இது இந்து மதத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துல தலித் கிறிஸ்தவர்களைப் பிரிச்சு ஒரு சுவர் எழுப்பினாங்க. செத்ததுக்கு அப்புறமும் சாதி. அதைத் தினமும் பார்த்து வளர்ற பிள்ளைகிட்ட, "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று"ன்னு எந்தப் பிரசங்கம் சொன்னா ஏறும்?

2017 மார்ச்ல கோயம்புத்தூர்ல ஃபாரூக்னு ஒரு இளைஞரை வெட்டிக் கொன்னாங்க. திராவிடர் விடுதலைக் கழகத்துல இருந்தவர். நாத்திகத்தை வெளிப்படையா எழுதினவர். அவரோட அப்பா நம்பிக்கையாளர். இதுக்காகத்தான் என் மகனைக் கொன்னாங்கன்னா, நானும் அவன் வழியில போறேன்னு அந்த அப்பா பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார். மகன் எத்தனையோ நாள் பேசியிருப்பார். அப்பாவை மாத்தினது மகனோட வாதம் இல்லை, மதத்தைக் காப்பாத்துறதா நினைச்சவங்களோட கத்தி.

எங்க வீட்டுக் கதை

எங்க அப்பாயி இலங்கையில தேயிலை பறிச்சவங்க. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு எழுதினாங்க. அந்த எண்ணுக்குள்ள அப்பாயியும் ஒரு ஆள். தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்க இருந்து நீலகிரி. இப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல அரசு இங்க தேயிலை நட ஆரம்பிச்சுச்சு. இப்ப டேன்டீன்னு சொல்றோமே, அதுதான்.

அப்பாயி ஒரு சின்னத் துணி முடிச்சுல தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீறைக் கொண்டுவந்தாங்க. லைன் வீட்டுக்கு மேல ஒரு கல்லை நட்டு, அதுல பூசி, அதுதான் இங்க மாரியம்மன். வெள்ளிக்கிழமை பச்சத் தண்ணி குடிக்காம இருப்பாங்க. அந்த நாள்லயும் கொழுந்துக் கூடையைத் தூக்கிட்டு மலை ஏறுவாங்க.

அப்பாவுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது, சமவெளியில இருக்கிற பூர்வீக ஊருக்குக் குலசாமி கும்பிடக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. மூணு தலைமுறையா கடல் தாண்டி இருந்தும் மறக்காம கும்பிட்ட சாமி. அங்க இருந்தவங்க இவங்களை வாசலுக்கு வெளியேவே நிறுத்திட்டாங்க. பூசைச் சாமானை மட்டும் வாங்கிக்கிட்டாங்க. அப்பாயி வெளியே இருந்தே கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. அவங்க நம்பிக்கை அசையலை. அப்பா அன்னைக்கு விட்டுட்டார்.

ஒரே வாசல், ஒரே அவமானம், ரெண்டு விளைவு. ஏன்னு ஒருநாள் கேட்டேன். அப்பா சொன்னார்: "அவங்களுக்கு அம்மன் கப்பல்ல கூட வந்த ஆளுடா. எனக்கு அந்த வாசல்ல நின்னவங்கதான் சாமியோட ஆளுங்க."

ஆனா இன்னைக்கும் எங்க லைன் மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு வீடா வரி வசூல் பண்றது அப்பாதான். கணக்கு நோட்டு அவர்கிட்டதான் இருக்கு. தப்பு அடிக்கிறவங்களுக்குச் சாப்பாடு சொல்றதும் அவர்தான். திருநீறு மட்டும் பூச மாட்டார். யாரும் ஏன்னு கேட்கிறதில்லை. எஸ்டேட்ல ஒரு சாவு விழுந்தா பாடையைத் தூக்க வர்றது இந்த வரி நோட்டுல இருக்கிற வீடுகள்தான்.

அடுத்தது நான். எனக்கு எந்த வாசல்லயும் அவமானம் நடக்கலை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பகத் சிங் என் ரூமுக்கு வந்தப்போ கதவு ஏற்கெனவே திறந்து கிடந்துச்சு.

வாய்ஸ் நோட் அனுப்பின நண்பா, "எப்படிப் போச்சுன்னு தெரியலை"ன்னு சொன்னீங்களே, பெரும்பாலும் இப்படித்தான் போகுது. சிலருக்கு ஒரே நாள்ல, ஒரு வாசல்ல. நம்மள மாதிரி நிறைய பேருக்கு மெதுவா. பி.ஜி.யில யாரும் விளக்கேத்துறதில்லை. ஞாயித்துக்கிழமை யாரும் சர்ச்சுக்கு எழுப்புறதில்லை. ஜும்ஆ நேரத்துல ஸ்டாண்ட்-அப் மீட்டிங் வருது. காட்டுறதுக்கு ஆள் இல்லாம போனா நம்பிக்கையும் சத்தமில்லாம கழண்டுடுது. மனுஷங்க வழியா வந்தது, மனுஷங்க வழியாவே போகுது.

அம்மாகிட்ட சொல்லணுமா?

இப்ப ரெண்டாவது கேள்வி. முதல்ல பாதுகாப்பு. உங்க வீட்டுலயோ தெருவுலயோ அடி விழும், படிப்பை நிறுத்துவாங்க, துரத்துவாங்கன்னு பயம் இருந்தா, சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும் சொல்லாம இருக்கிறது கோழைத்தனம் இல்லை. ஃபாரூக் கதையை அதுக்காகவும்தான் சொன்னேன்.

அடுத்து, சட்டத்துல எங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. பள்ளிச் சான்றிதழ்ல சாதி, மதம் இடத்தைக் காலியா விடலாம்னு தமிழ்நாடு அரசு 1973-லயே ஆணை போட்டிருக்கு. 2019 பிப்ரவரியில திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 'சாதி, மதம் அற்றவர்'னு சான்றிதழே வாங்கினார். கல்யாணத்துக்கு 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு, 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967-ல சட்டமாக்கினாங்க. ஆனா அது இந்து திருமணச் சட்டத்துக்குள்ள ஒரு பிரிவு, ரெண்டு இந்துக்களுக்குத்தான் பொருந்தும். சொத்து விஷயம் இன்னும் சிக்கல். பக்கத்துக் கேரளாவுல, இஸ்லாத்தை விட்ட சஃபியாங்கிற பெண், வாரிசுரிமையில தனக்குப் பொதுவான சட்டம் பொருந்தணும்னு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கார். மனசுல இருந்து மதம் போனாலும் ஃபைல்ல இருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது.

மூணாவது, அம்மாகிட்ட பேசுறதுன்னா, வாதத்தோட போகாதீங்க. அவங்க நம்பிக்கை வாதத்தால வரலை, அதனால வாதத்தால போகவும் போகாது. உங்க அம்மா "சாமி கும்பிடு"ன்னு சொல்லும்போது, பாதி நேரம் அவங்க கேட்கிறது வேற: நான் செத்தா எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்வியா? தங்கச்சி கல்யாணத்துல நம்ம ஆளுங்களோட நிப்பியா? நான் தனியா ஆயிடுவேனா? கடவுள் இருக்காரா இல்லையாங்கிற கேள்வியைவிட இந்தக் கேள்விகளுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா. ஆனா உங்களோட கோயிலுக்கு வர்றேன், வெளியே நிக்கிறேன், செருப்பைப் பார்த்துக்கிறேன்"ன்னு சொல்ற பிள்ளையை எந்த அம்மாவும் அவ்வளவு சுலபமா விட மாட்டாங்க.

நம்பிக்கை இருக்கிறவங்களும் இதைக் கேட்டுட்டிருப்பீங்க. உங்களுக்கும் ஒண்ணு. இந்தத் தலைமுறையை இன்டர்நெட் கெடுத்துடுச்சு, படிப்பு கெடுத்துடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, உங்க கோயில், உங்க சர்ச், உங்க பள்ளிவாசல் கதவுகிட்ட போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. அங்க யார் யாரை நிறுத்துறாங்கன்னு பாருங்க. பக்கத்துல ஒரு பன்னெண்டு வயசுப் பையனும் நின்னு அதைப் பார்த்துக்கிட்டு இருப்பான்.

அடுத்த எபிசோட்ல, மதம் இல்லாதவங்க சாவுச் சடங்கை எப்படி நடத்துறாங்கன்னு பேசலாம். உங்க வீட்டுல அப்படி ஒண்ணு நடந்திருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம்.